இப்பவா, எப்பவுமா?

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியர் அறைக்குக் காபி வந்தது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினார். "நான் காபி குடிக்கிறதில்ல டீச்சர்" என்றேன். ஜன்னலோரம் தலைகுனிந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிராமலே கேட்டார்.

"இப்பவா, எப்பவுமா?"

எனக்குப் புரியவில்லை.

"இப்ப மட்டும் வேணாமா, இல்ல எப்பவுமே குடிக்கிறதில்லையா?"

"எப்பவுமே குடிக்கிறதில்ல."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் அரை டம்ளர் வாங்கிக் குடித்தேன். மறுவாரம் இன்னொரு தடவை. அதற்கடுத்த வாரமும் குடித்தபோது, அவர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். என் காபியைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. வந்து ஒரு மாதம்கூட ஆகாத இடத்தில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்தாகிவிட்டது என்று எரிச்சலாகவும் இருந்தது.

திண்டுக்கல்லில் பேகம்பூரைத் தாண்டி இருந்த ஒரு பெண்கள் பள்ளி அது. பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த ஜன்னலோரத்து டீச்சரின் பெயரும் வேண்டாம். பெயரைப் போட்டால் "யாரைக் கேட்டு எழுதின?" என்று வந்து நிற்பாரோ என்ற பயம், அவர் இல்லாத இந்த நாளிலும் எனக்குப் போகவில்லை. பிள்ளைகள் அவரை ‘இப்பவா டீச்சர்’ என்பார்கள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கைப்பைக்குள் ஜெபமாலை. வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதன் கைப்பிடியில் நீல நூலைச் சுற்றியிருப்பார். யாராவது மாற்றி எடுத்துப் போய், பிறகு இது என் குடைதான் என்று சாதித்துவிடக் கூடாதாம். அலமாரியைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் எத்தனை நிமிடம் பிரசங்கம் செய்தார் என்றுகூடக் குறித்துவைப்பார் என்று கணக்கு டீச்சர் சொல்வார். அதை நான் பார்த்ததில்லை.

அவர் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்தார். நான் பெரிய வகுப்புகளுக்கு எடுத்தேன். நிகழ்காலத்தை நடத்தும் நாளில் அவருடைய கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். இடது பக்கம் ‘எப்போதும்’, வலது பக்கம் ‘இப்போது’. புத்தகத்தில் இருக்கும் ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்ற உதாரணம் அவருக்கு ஆகாது. சூரியனை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்பார். ‘ஏழு நாற்பது பஸ் எட்டு மணிக்கு வருகிறது’ என்பது அவருடைய இடது பக்கம். ‘கண்டக்டர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்’ வலது பக்கம். அதே கண்டக்டர் மூன்று நாள் போனில் பேசிவிட்டால் கோட்டைத் தாண்டி இடது பக்கம் வந்துவிடுவார். அதற்கப்புறம் அவர் போனில் பேசுகிற கண்டக்டர், அவ்வளவுதான்.

"தமிழ்ல இதுதான் தொல்லை" என்பார் பிள்ளைகளிடம். "வேலை பாக்குறான்னு ஒருத்தர் சொன்னா, இன்னைக்கு மட்டும் பாக்குறானா, தெனமும் பாக்குறானான்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். சொல்றவுக நைசா அதுக்குள்ள ஒளிஞ்சுக்குவாக. இங்கிலீஷ்ல ஒளிய முடியாது. ஒரு பக்கம் நின்னே ஆகணும்."

இலக்கணம் எழுதியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஆனால் அவரிடம் படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அந்த இரண்டையும் குழப்பி நான் பார்த்ததில்லை.

சில வினைகளுக்கு வலது பக்கமே கிடையாது என்பதையும் அவர் தன் பாணியில்தான் சொல்வார். தெரிவது, பிடிப்பது, நம்புவது எல்லாம் அந்த வகை. ‘ஐ ஆம் பிலீவிங்’ என்று எழுதிய ஒரு பிள்ளையை ஆசிரியர் அறைக்கே கூட்டிவந்து சொன்னார். "நம்பிக்கிட்டு இருக்கேன்னு ஒண்ணு கிடையாது தாயி. நம்பினா நம்புறதுதான். அரை நேரம் நம்புறதுக்குப் பேரு வேற."

பிள்ளை போனதும் கணக்கு டீச்சர் சீண்டினார். "நீங்க யாரை அப்பிடி நம்பியிருக்கீக டீச்சர்? ஒரே ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்."

"செத்த நேரம் இரு" என்றவர் உண்மையாகவே யோசித்தார். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்துவிட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அந்தப் பெயர் கடைசிவரை வரவில்லை.

விடுப்புக் கடிதங்கள் என்றால் அவருக்கு விருந்து. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்ற வாக்கியம் நம் பக்கத்தில் காய்ச்சலே வராத பிள்ளைக்கும் மனப்பாடம். டீச்சர் ‘ஆம் சஃபரிங்’ என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘இப்போதா?’ என்று எழுதுவார். எழுதியதோடு விட மாட்டார், வீட்டுக்குப் போன் போடுவார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் அப்பா ஒருநாள் வசமாக மாட்டினார்.

"காச்சலெல்லாம் இல்ல டீச்சர். மல்லி பூத்துக் கெடக்கு, பறிக்க ஆளு வரல. அதான் நிப்பாட்டிக்கிட்டோம்."

மறுநாள் அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நின்றது. டீச்சர் திட்டவில்லை. புதுத்தாள் ஒன்றைக் கொடுத்து, "பூதான பறிச்ச? அப்ப அதை எழுது. ஐ ஆம் பிளக்கிங் ஃபிளவர்ஸ். கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார்.

அதோடு அந்த வகுப்பில் காய்ச்சல் ஒழிந்தது. ‘நாங்கள் வீடு மாற்றிக்கொண்டிருக்கிறோம்’ என்று ஒரு கடிதம் வந்தது. ‘அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒன்று. ‘எனக்கு இன்று வரப் பிடிக்கவில்லை’ என்றும் ஒன்று வந்தது. கடைசிக் கடிதம் தலைமையாசிரியையின் மேசைக்குப் போய்விட்டது. டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "காச்சல்னு பொய் எழுதினா கையெழுத்துப் போடுறீக. உண்மைய எழுதினா விசாரணை வைக்கிறீக" என்று சொல்லிவிட்டு வந்தார். தலைமையாசிரியைக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் இருந்திருக்கும்.

அந்த நோட்டின் சட்டம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் நடுவே ஒரு கோடு. ஒரு தடவை பார்த்தது வலது பக்கம் போகும். மூன்று தடவை பார்த்தால்தான் இடது பக்கம். எங்கள் அலுவலக உதவியாளர் ஒரு காலையில் தள்ளாடித் தள்ளாடி நடந்துவந்தார். குடித்திருக்கிறார் என்று ஆசிரியர் அறையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டீச்சர் மட்டும், "ஒரு தடவ பாத்ததை வச்சு ஒரு மனுசனை எழுதக் கூடாது" என்றார். அடுத்த பத்து நாளும் காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். அவர் பக்கத்தில் வரும்போது மூச்சை இழுத்துப் பார்த்தார். தள்ளாட்டம் திரும்ப வரவில்லை. புதிதாகக் கொடுத்த சர்க்கரை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் தெரிந்தது. டீச்சர் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தார்.

நியாயமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த உதவியாளர் அதன் பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. பத்து நாள் தன்னை மோந்து பார்த்தவரிடம் அவர் எப்படிப் பேசுவார்? டீச்சருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. அப்பா ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் வெண்டையும் கத்தரியும் போடுகிறவர். வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரத்தில் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒன்று வந்தது. பெயர் கதிர்வேல். பழனியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த பயோடேட்டாவில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தது. சித்தப்பா ஒருநாள் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். "தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்றார். பெண் பார்த்தார்கள், நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "உங்க சித்தப்பா எங்க விசாரிச்சாரு?"

"டீக்கடைல டீச்சர்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

"ஏம்மா, தன் கடைக்கு வந்து போற ஆளைப் பத்தி டீக்கடைக்காரன் வேற என்ன சொல்லுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அதற்குள் நானும் கதிர்வேலும் ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். கடையில் வியாபாரம் இல்லாத நாளில் இல்லை என்றே சொல்வார், பெருமைக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ரொம்பவே பிடித்துப்போனது. அந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாது என்று நான் பழனி முருகனுக்கே வேண்டிக்கொண்டிருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் என்னை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார். நோட்டு கையில் இருந்தது.

"மூணு சனிக்கிழமை போய்ப் பாத்துட்டேன். நாலே கால் மணிக்கு அந்தப் பையன் கடையை விட்டு எறங்கி பழனி பஸ் ஸ்டாண்டுக்கு வாரார். ஒரு பொம்பளை வாரா. இவரு ஒரு பையைக் குடுக்குறாரு, அவ ஒரு பையைக் குடுக்குறா. பத்து நிமிசம் பேசுறாக. ஒரு தடவ அவ அழுதா. இவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு." நோட்டை விரித்துக் காட்டினார். இடது பக்கத்தில் எழுதியிருந்தது.

"உங்களை யாரு டீச்சர் போகச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

"யாரும் சொல்லல. சொல்லிக்கிட்டா போவாக?"

கணக்கு டீச்சரிடம் போய் அழுதேன். அவர் என் காதோடு சொன்னார். "நீயும் கல்யாணமாகிப் போயிட்டா அவுகளுக்குன்னு இங்க யாரு இருக்கா? எதுக்கும் பாத்துக்க." சொந்தக்காரர் என்று யாரும் தேடி வராதவர், மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதியை என் டப்பாவில் வைப்பவர். என்னை அனுப்ப மனமில்லாமல் இட்டுக்கட்டுகிறாரோ? யாரைச் சந்தேகப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கதிர்வேலையா, டீச்சரையா? கடைசியில் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் சனிக்கிழமை. டீச்சரும் கூட வந்தார்.

பழனி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிப்ஸ் கடையின் தூணுக்குப் பின்னால் நின்றோம். டீச்சர் குடையை எங்கள் முகத்துக்கு நேராகச் சரித்துப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் பழக்கமான கை. நாலேகாலுக்குக் கதிர்வேல் வந்தார். உடுமலையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். பை கை மாறியது. டீச்சர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் குடைக்கு வெளியே போய் அவர்கள் முன்னால் நின்றேன்.

"யாரு இவங்க?"

கதிர்வேலின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண்தான் பேசினாள். "நானு அக்காளுங்க. கூடப் பொறந்த அக்கா. பேரு ஈஸ்வரிங்க."

வேறு சாதியில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவர்களுடைய அப்பா தனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பயோடேட்டாவில் ‘இல்லை’. அம்மா மட்டும் சனிக்கிழமைதோறும் அப்பாவுக்குத் தெரியாமல் சமைத்து டிபன் கேரியரில் கொடுத்துவிடுகிறாள். ஈஸ்வரி போன வாரத்துக் கேரியரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறாள். இரண்டு பைகளுக்குள்ளும் இருந்தது அதுதான்.

"சொல்லியிருக்கோணுமுங்க" என்றார் கதிர்வேல். "தெரிஞ்சா சம்பந்தம் நின்னு போயிருமோன்னு பயந்துட்டனுங்க."

பின்னாலேயே வந்து நின்ற டீச்சர் ஈஸ்வரியிடம் கேட்டார். "இப்பக் கொஞ்ச நாளாத்தானா, எப்பவுமா?"

"ஆறு வருசமாச்சுங்க. எம்பட தம்பி ஒரு சனிக்கிழமை தப்புனதில்லீங்க."

டீச்சர் அங்கேயே நின்றபடி நோட்டில் அதை எழுதிக்கொண்டார். ஒரு ஆள் எத்தனை தடவை ஒன்றைச் செய்கிறார் என்று அவருடைய நோட்டு சரியாகச் சொல்லும். ஏன் செய்கிறார் என்று எழுத அதில் இடமே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியில் இதை அவரிடம் சொல்லவும் தோன்றவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை அவர் நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு மாப்பிள்ளை பாக்க எங்கப்பா ஒரே ஒரு தடவ போனாரு. மில்லு வாசல்ல நின்னு பாத்தாரு. உள்ள அந்த மனுசன் வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பா வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வேலை பாக்குறாருன்னு சொன்னாரு. அந்த மனுசன் வேலைக்குப் போனதே அந்த ஒரு வாரந்தான்."

"அப்புறம் டீச்சர்?"

"அப்புறம் என்ன, அந்த வாழ்க்கை எட்டு மாசந்தான்."

இறங்கும்போது, "கட்டிக்க. நல்ல பையன்தான்" என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "ஆனா போய்ப் பாத்துக்கிட்டே இரு."

கல்யாணத்துக்கு வந்து எனக்கு ஒரு கறுப்புக் குடையைப் பரிசாகக் கொடுத்தார். "வெயிலுக்கு" என்றார். நான் நெய்க்காரப்பட்டிக்குப் போய், பழனியில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். டீச்சர் மறு வருடம் ஓய்வு பெற்றார். மாதம் ஒரு தடவை தவறாமல் போன் வரும். நலம் விசாரித்து முடித்ததும், "பாத்தியா?" என்பார்.

"இல்ல டீச்சர். எனக்கு அவர் மேல நம்பிக்கை இருக்கு."

"இப்பவா, எப்பவுமா?"

ஒருதடவை கோபத்தில் போனை வைத்தேவிட்டேன். வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போகவில்லை. கதிர்வேல் சிரித்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். போன் வந்து அவர் வாசலுக்குப் போனால் என் கை அடுப்பில் இருந்தாலும் காது வாசலில் இருக்கும். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் என்னை ‘ங்க’ போட்டே பேசுகிற மனுஷன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நான்காம் வருடம் மாமனார் இறந்தார். ஈஸ்வரி அண்ணி வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அதிலிருந்து பிள்ளைகளோடு நினைத்தபோது வந்து போகிறார். அக்காவும் தம்பியும் பஸ் ஸ்டாண்டில் ஒளிந்து சந்திக்கும் வேலை முடிந்தது. ஆனால் சில மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். சனிக்கிழமைகளில் அலமாரியில் டிபன் கேரியர் இல்லை. அத்தை அன்றைக்கு மட்டும் உப்புக் குறைத்து ஒரு குழம்பு தனியாக வைத்தார்.

"இது யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான் கண்ணு. கால் வீங்குதல்ல."

ராத்திரி எங்கள் குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டார். நாலு மணிக்கு எங்கே போனீர்கள் என்று கதிர்வேலிடம் கேட்டால், "சரக்கு எறக்க வந்திருந்ததுங்க" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் வாசல்வரை போனேன். கேரியரோடு அவர் உள்ளே போவதைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது, திரும்பிவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமை உள்ளே போனேன். தூரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண், எனக்கு முதுகு காட்டி. கதிர்வேல் எதற்கோ சிரித்தார். நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது. அது நகர்ந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். இன்னும் ஒரு தடவை, மூன்றாகட்டும் என்று மூடிக்கொள்வேன்.

மூன்றாவது சனிக்கிழமை டீச்சர் கொடுத்த குடையை எடுத்துக்கொண்டு போனேன். அதே சிப்ஸ் கடை, அதே தூண். குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நெருங்கிப் போனேன். பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு கறுப்புக் குடைதான் முதலில் கண்ணில் பட்டது. அதன் கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருந்தது.

"உப்புச் சேத்தலீங்க டீச்சர். அம்மா பாத்துப் பாத்து வெச்சுது" என்று கதிர்வேல் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் பாதியாகியிருந்தார். கேரியர் மூடியிலிருந்து ரசத்தைக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. "வந்துட்டியா" என்றார்.

கதிர்வேல் எழுந்தே நின்றுவிட்டார். அவசர அவசரமாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகும் டீச்சர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அக்காவும் தம்பியும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறார்கள். அக்கா வருவது நின்றதும், வெயிலில் தனியாக வந்து நிற்கும் டீச்சருக்காகவே இவர் வர ஆரம்பித்தார். ஒருநாள் அவர் மயங்கி உட்கார்ந்துவிட, டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். மறுவாரத்திலிருந்து சோறு.

"வீட்டுக்கு வாங்கன்னு எத்தனையோ தடவ கூப்ட்டாச்சுங்க. உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

"ஏன் டீச்சர்?" என்றேன்.

"நம்புறேன்னு சொன்னீல்ல. அதைப் பாக்கணும்ல."

அவ்வளவு நாளும் அவர் அந்தத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது கதிர்வேலை மட்டும் இல்லை, நான் வருவேனா என்பதையும்தான். முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. களைப்புத்தான் இருந்தது. நான் வராமல் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது.

"இன்னைக்குத்தான் வந்தியா, எப்பவும் வாரியா?"

கதிர்வேல் என்னைப் பார்த்தார். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் கதிர்வேல் நம்பியிருப்பார், எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்.

"மூணாவது வாரம் டீச்சர்."

கதிர்வேல் குனிந்து கேரியரின் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் என் பக்கத்தை விரித்து மடியில் வைத்தார். இடது பக்கத்தில் முதல் வரி, ‘காபி குடிக்கிறாள்’. அதற்குக் கீழே நிறைய இடம் இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுது. எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும்."

குடையை மடக்கிக் கீழே வைத்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, காபிக்குக் கீழே ‘போய்ப் பார்க்கிறாள்’ என்று எழுதினேன். கேரியரைப் பூட்டி எடுத்துக்கொண்டு கதிர்வேல் எனக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாரே தவிர, ஒருதடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.